சக்கரம் இல்லாத வண்டிக்குப் பூசை

என்ன வேலை பார்க்கிறாய் என்று கல்யாண வீட்டில் யாராவது கேட்டால் இப்போதும் நான் பந்தி எங்கே என்று பேச்சை மாற்றப் பார்ப்பேன். உடற்பயிற்சி உடலியங்கியலும் மனித அசைவியலும் கற்பிக்கிறேன் என்று முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் கையிலிருக்கிற காபி ஆறிவிடும். அதனால் ஆளுக்குத் தகுந்தபடி சொல்லப் பழகிக்கொண்டேன். ஒருமுறை என் சின்ன மாமியாரிடம், "ஓடுனா ஏன் மூச்சு வாங்குதுன்னு சொல்லிக் குடுக்கிறேன் அத்தே" என்றேன்.

"ஓடுனா மூச்சு வாங்கத்தான செய்யும்? இதைச் சொல்ல ஒரு காலேஜா?" என்றார்.



இந்தப் பாடத்தை எனக்கும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் உடற்கல்வி படித்த காலத்தில் அதற்கு ஆசிரியர் இடம் காலியாகவே கிடந்தது. பரீட்சை மட்டும் தவறாமல் வந்தது. மதுரையில் பழைய புத்தகக் கடையில் ஒரு தடிப் புத்தகம் வாங்கினேன். அதில் நுரையீரல் இருந்தது, தசை இருந்தது, இதயம் இல்லை. அந்த அத்தியாயத்தை மட்டும் யாரோ கிழித்துக்கொண்டு போயிருந்தார்கள். ஆகவே நுரையீரலைப் புத்தகத்தில் படித்தேன்; இதயத்தை உசிலம்பட்டி டவுன் பஸ்ஸில் படித்தேன். பக்கத்தில் உட்காருகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் போதும். "மேட்டுல ஏறுனா நெஞ்சு திக்குதிக்குங்குது", "மகன் இன்னும் வரலைன்னா நெஞ்சுக்குள்ள ஆரோ உரல்ல இடிக்கிற மாதிரி இருக்கு", "ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சதுமே ஈரக்கொல ஆடுது" என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். வீட்டுக்கு வந்து, பிற்பாடு வாங்கிய வேறு புத்தகத்தில் பார்த்தால் அது அத்தனையும் வேறு பெயரில் இருக்கும். வகுப்பில் நான் முதலில் பஸ்ஸில் கேட்டதைச் சொல்வேன், பிறகு புத்தகத்தில் உள்ளதை. பிள்ளைகளுக்கு முதலாவது மறக்காது. பரீட்சையில் இரண்டாவதை எழுத வேண்டியிருப்பதுதான் தொல்லை.

எங்கள் கல்லூரி அழகர்கோவில் போகிற சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. அதன் தாளாளர் உசிலம்பட்டிப் பக்கத்து லாரி முதலாளி. லாரியில் சம்பாதித்துக் கல்லூரி கட்டினாலும் உலகத்தை அவர் லாரியாகத்தான் பார்ப்பார். வகுப்பறை அவருக்கு ஷெட். புதிதாகச் சேருகிற மாணவர்கள் லோடு. ஆய்வகத்துக்கு எடை பார்க்கும் கருவி வேண்டும் என்று நான் கேட்டபோது, "நம்ம எடைமேடை சும்மாதான கெடக்கு?" என்று லாரி நிறுத்துகிற இடத்துக்கு எங்களை அனுப்பினார். அது டன் கணக்கில் நிறுக்கிற மேடை. ஒற்றை ஆள் ஏறினால் முள் அசையவே இல்லை, ஏறியவர் உலகத்திலேயே இல்லை என்று சொல்லிவிட்டது. வகுப்பு மொத்தமும் ஏறி நின்றோம். வந்த எடையைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்துக்கொண்டோம். அந்த வருசம் எங்கள் மாணவர்கள் எல்லோரும் ஒரே எடை. சமையல்கட்டு அண்ணன் வேடிக்கை பார்க்க ஏறி நின்றதில் ஆளுக்குக் கொஞ்சம் கூடிவிட்டது.

உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று கண்டுபிடிக்க ஆளைத் தண்ணீருக்குள் முக்கி நிறுக்கிற முறை ஒன்று உண்டு. பக்கத்துத் தோட்டத்துப் பம்புசெட் தொட்டியில் காய்கறிக்கடைத் தராசைத் தொங்கவிட்டு அதையும் செய்தோம். தோட்டக்காரர் வரப்பில் நின்று நெடுநேரம் பார்த்தார்.

"ஏத்தா, அந்தப் பயலை என்ன வெலைக்குக் குடுக்குறிக?" என்றார்.

இப்படியே ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் முதுகலைப் பிரிவு தொடங்க அனுமதி கேட்டு எழுதினோம். பார்வையிட ஒரு குழு வரும், ஆய்வகம் ஓடுகிற நிலையில் இருக்க வேண்டும், இருந்தால் பிரிவு உண்டு. தாளாளர் என்னை அழைத்து ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

"டீச்சர், கெடைச்சா நீங்கதேன் அந்தப் பிரிவுக்கு டிரைவர். கெடைக்கலைன்னா இந்தப் பாடத்தையே மூடிருவோம். கிரவுண்டுல ஆள் தேவைப்படுது. விசில் இருக்கு."

விசில் ஊதுவது கேவலமில்லை. நான் ஊதியவள்தான். ஆனால் கிழிந்த புத்தகத்திலிருந்து ஆரம்பித்து, சொந்தமாகக் கற்று, ஒரு பாடத்தை இந்த இடத்தில் முளைக்க வைத்திருந்தேன். அது போய்விடும் என்றால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

தாளாளரும் சும்மா இருக்கவில்லை. நல்ல விலையில் ஒரு டிரெட்மில் வாங்கிப் போட்டார். கூடவே நெஞ்சில் கட்டுகிற ஒரு பட்டை. கட்டிக்கொண்டவரின் இதயத்துடிப்பு, சுவரில் மாட்டிய திரையில் பெரிய எண்ணாகத் தெரியும். பெட்டியைப் பிரித்த அன்றே ஓட்டிப் பார்க்கத் துடித்தேன். அவர் விடவில்லை.

"பூசை போடாம வண்டிய எடுக்கக் கூடாது டீச்சர்."

"அது வண்டி இல்லைங்கய்யா."

"மோட்டார் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப வண்டிதேன்."

அவர் பார்த்த நல்ல நேரம் குழு வருகிற அன்று காலையில்தான் விழுந்தது. குழு மதியம்தான் வருவதாக இருந்ததால் நானும் சரி என்றேன். அன்று சீக்கிரமே போய், பட்டை வேலை செய்கிறதா என்று பார்க்கப் புடவைக்குள் கட்டிக்கொண்டேன். திரையில் எழுபத்தெட்டு வந்தது. மனசு குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியில் பட்டையைக் கழற்ற மறந்துபோனேன்.

தாளாளர் மாலை, பூசணிக்காய், எலுமிச்சம்பழம் சகிதம் வந்தார். கூடவே அவருடைய மூத்த டிரைவர். எல்லோருக்கும் அவர் அண்ணன்தான், தாளாளருக்கும். டிரைவர் அண்ணன் டிரெட்மில்லின் நெற்றியில் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார். "அண்ணே, அந்த ஓட்டைக்குள்ள மட்டும் வேணாண்ணே, உள்ள கரண்டு இருக்கு" என்று நான் பின்னாலேயே சுற்றினேன். கைப்பிடிக்கு மாலை போட்டாயிற்று. சூடம் காட்டியாயிற்று. எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்தவர் குனிந்து பார்த்தார். ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மறுபடி குனிந்தார்.

"முதலாளி, சக்கரம் எங்கிட்டு இருக்கு?"

புது வண்டி எடுக்கும்போது சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, அதை நசுக்கிக்கொண்டுதான் முதல் உருளல் உருள வேண்டும். திருஷ்டியெல்லாம் பழத்தோடு போய்விடும். சைக்கிளிலிருந்து பொக்லைன் வரை எங்கள் பக்கம் இதற்கு விலக்கு கிடையாது. ஆனால் இந்த வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது.

"வண்டி நிக்கிது. ரோடுதேன் ஓடுது" என்று விளக்கினேன்.

டிரைவர் அண்ணன் வாயில் கைவைத்துக்கொண்டார். "ரோடு ஓடுதா? அப்ப நாம பழத்த ரோட்டுல வச்சிட்டா, அதுவா சக்கரத்தத் தேடிப் போயிருமா?"

கேட்கச் சரியாகத்தான் இருந்தது. டிரெட்மில்லின் பெல்ட் மேல் பழத்தை வைத்து மெதுவாக ஓட விட்டோம். எலுமிச்சம்பழம் பூவைப் போல நகர்ந்து, பின்பக்கம் வழியாக இறங்கி, உருண்டு, பீரோவுக்கு அடியில் போய்விட்டது. ஒரு கீறல்கூட இல்லை. எடுத்து வந்து மறுபடி வைத்தோம். மறுபடியும் பீரோ.

தாளாளரின் முகம் சுருங்கிவிட்டது. "நசுங்காமத் தப்பிச்சுப் போகுது டீச்சர். ஆகாது. கல்லுப்பட்டி ரோட்டுல நம்ம லாரி ஒண்ணு பாலத்துக்குள்ள விழுந்துச்சே, அதுக்கும் இப்பிடித்தேன், பழம் வழுக்கி வெளிய போச்சு. அன்னைக்கு நான் கண்டுக்கிடலை. இது நசுங்குற வரைக்கும் ஆரும் இதுல ஏறக் கூடாது."

அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது. குழு. மதியம் வர வேண்டியவர்கள் காலையிலேயே வந்துவிட்டார்கள்.

தலைவர் கோயம்புத்தூர்ப் பக்கத்து அம்மா, உடலியங்கியல் பேராசிரியர். வெள்ளை முடி, வேகமான நடை. கூட வந்தவர் கையில் அளவு நாடாவோடு இறங்கினார். வணக்கம் சொல்லும்போதே வாசற்கதவின் அகலத்தை அளந்துவிட்டார்.

"முன்னமே வந்துட்டமுங்க, தப்பா நெனைக்காதீங்க" என்றார் தலைவர். "மத்தியானம் நடை சாத்தறதுக்குள்ள அழகரைப் பாத்தரோணும். சாயந்தரம் ஊருக்குத் திரும்போணும். அதான் இங்க மொதல்ல முடிச்சரலாம்னு. மெசினை ஓட்டிக் காட்டுங்க, பார்த்துட்டுக் கெளம்பறம்."

நான் தாளாளரைப் பார்த்தேன். அவர் கைகூப்பினார். "நல்ல நேரத்துல வந்தீகம்மா. ஆனா இப்ப ஓட்ட முடியாது. பழம் நசுங்கலை."

என் பாடம், பிரிவு எல்லாம் அந்த நிமிசம் பீரோவுக்கு அடியில் உருண்டு போன மாதிரி இருந்தது. தலைவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "ஏன், சக்கரம் எங்கீங்க?" என்றார்.

அதன் பிறகு பார்வையிடல் என்று ஒன்று நடக்கவே இல்லை. எல்லோரும் டிரெட்மில்லைச் சுற்றி நின்றுகொண்டோம். நாடாக்காரர் தரையில் மண்டியிட்டு, உருளைக்கும் பெல்ட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அளந்தார். "இந்தப் பழம் உள்ள போகாதுங்க. சின்னதா கெடைக்குமா?"

"இந்தா வாரேன்" என்று டிரைவர் அண்ணன் சின்ன எலுமிச்சம்பழம் தேடி ஓடினார்.

உள்ளே திணித்தால் மோட்டார் போய்விடும் என்று எனக்குத் தெரியும். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். நடை சாத்திவிட்டால் அவருக்கு அழகர் போய்விடும், அவர் கிளம்பிவிட்டால் எனக்குப் பாடம் போய்விடும். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"ஐயா, இந்த வண்டிக்குச் சக்கரம் இருக்கு. ஓடுறவங்களோட கால்தான் சக்கரம்."

தாளாளர் புருவத்தைத் தூக்கினார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து காட்டினேன். குதிகால் முதலில் தரையில் படுகிறது. உள்ளங்கால் உருண்டு வருகிறது. கடைசியில் விரல் தரையைத் தள்ளுகிறது. மெதுவாகப் பார்த்தால் ஒரு சக்கரத்தின் துண்டு உருளுகிற மாதிரியேதான். முழுச் சக்கரத்துக்குப் பதிலாக இரண்டு துண்டு, மாற்றி மாற்றி.

"அப்ப அச்சு எதுங்க?" என்று கேட்டது தலைவர். அவர் குரல் மாறியிருந்தது. பரீட்சை வைக்கிறவர் குரல்.

"மொதல்ல குதிகால், அப்புறம் கணுக்கால், கடைசில விரல் மூட்டு. அச்சு முன்னால நகந்துக்கிட்டே போகும் மேடம்."

அவர் தலையாட்டினார். தாளாளரும் தலையாட்டினார். ஆனால் அவர் தலையாட்டியது வேறு கணக்கில்.

"சரி, கால்தேன் டயரு. ஒத்துக்கிடுறேன். அப்ப ஆரு காலு?"

மாணவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரு அடி பின்னால் போனார்கள். ஓடிக் காட்டுவதற்காக நான் தயார்செய்து வைத்திருந்த ஓட்டக்காரப் பையன், "மேம், எனக்கு அடுத்த மாசம் போட்டி இருக்கு மேம்" என்றான். இன்னொருத்தி, "எங்கம்மாவுக்குத் தெரிஞ்சுச்சுன்னா வீட்டுக்குள்ளயே விடாது" என்றாள். "டயர்னா மாத்திக்கிடலாம் மேம். காலை எங்குட்டு மேம் மாத்துறது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"நாம என்ன படிக்கிறோம், இதென்ன பேச்சு?" என்று அதட்டினேன். "தள்ளுங்க, நான் மிதிக்கிறேன்."

பழத்தைப் பெல்ட்டின் நடுவில் வைத்தேன். புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தேன். ஒரு காலைத் தரையில் ஊன்றி மற்றதைத் தூக்கினேன். தூக்கிய கால் அப்படியே நின்றது.

எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, நிஜமாகவே இல்லை. ஆனாலும் கல்லுப்பட்டிப் பாலமும் அதற்குள் கவிழ்ந்து கிடக்கிற லாரியும் கண்ணுக்குள் வந்தன. நான் அந்த லாரியைப் பார்த்ததுகூடக் கிடையாது.

அப்போதுதான் தலைவர் சுவரைக் காட்டினார். "ஏனுங்க, அது யாரோட துடிப்புங்க? ஏறிட்டே போகுது?"

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். தொண்ணூற்றாறு. புடவைக்குள் நெஞ்சுப்பட்டை இருந்தது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. பின்னால் போயிருந்தவர்கள் எல்லோரும் திரை முன்னால் கூடிவிட்டார்கள். ஓட்டக்காரப் பையன் சந்தையில் மாட்டை ஏலம் விடுகிற குரலில் தொடங்கிவிட்டான்.

"நூத்தி ரெண்டு! நூத்தி ஆறு! மேம் இன்னும் காலை வைக்கவே இல்ல, நூத்திப் பதினொண்ணு!"

"வாயை மூடுறா" என்றேன்.

"நூத்திப் பதினஞ்சு!"

தாளாளருக்கு வெற்றிக்களை. "பாத்தீகளா? டீச்சருக்கே பயம்னா நான் சொன்னது சரிதான?"

தலைவர் கையை உயர்த்தி எல்லோரையும் அமர்த்தினார். மாணவர்கள் பக்கம் திரும்பினார். "உங்க டீச்சர் ஓடல. நடக்கல. ஒத்தக் கால்ல நிக்கறாங்க. அதுக்கு இவ்வளவு ஏறாது. பின்ன ஏன் ஏறுது?"

நான் அந்தரத்தில் காலைத் தூக்கியபடி நின்றேன். இறக்கினால் பழத்தின் மேல் இறக்க வேண்டும். வேறு இடத்தில் இறக்கினால் தோற்றுப்போன மாதிரி.  பிள்ளைகள் வாயைத் திறக்காவிட்டால் எல்லாம் முடிந்தது. கடைசியில், அம்மா வீட்டுக்குள் விடாது என்றாளே, அவள்தான் முன்னால் வந்தாள்.

"வேலை வரப்போகுதுன்னு மூளை நெனைச்சதுமே இதயத்துக்குச் சொல்லிரும் மேடம். கால் அசையிறதுக்கு முந்தியே. எப்பவும் இதயத்தை மெதுவாப் போகச் சொல்லி ஒரு நரம்பு பிடிச்சுக்கிட்டிருக்கும். மொதல்ல அந்தப் பிடி விட்டுப்போகும். பிரேக்கை எடுத்த மாதிரி. அப்புறம்தேன் ஆக்ஸிலேட்டர்."

"பிரேக்கா?" என்று தாளாளர் நிமிர்ந்தார். "இதயத்துக்குப் பிரேக்கு இருக்கா? இம்புட்டு நாளா எனக்கு ஆரும் சொல்லலையே!"

"உங்களுக்கு யார் இப்படிச் சொல்லிக் குடுத்தாங்க?" என்று தலைவர் அவளிடம் கேட்டார்.

"மேம்தான். 'ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சதுமே ஈரக்கொல ஆடுது'ன்னு ஒருத்தர் பஸ்ஸுல சொன்னாங்களாம். அதை வச்சுச் சொல்லிக் குடுத்தாங்க."

தலைவர் என்னைப் பார்த்தார். "டீச்சர், நீங்க இந்த எலுமிச்சம்பழத்தை நம்பறீங்களா?"

"இல்லைங்க மேடம். ஆனா என் இதயம் வேற யார்கிட்டயோ படிச்சிருக்கு."

அவர் சிரித்துவிட்டார். நாடாக்காரர் எதற்கோ என் கால் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்துகொண்டிருந்தார்.

மிதித்துவிட்டேன்.

பழம் சளக்கென்று நசுங்கியது, மற்றக் காலும் மேலே ஏறியது. அது வரைக்கும் நன்றாகத்தான் போனது. ஆனால் சின்ன எலுமிச்சம்பழத்தோடு அப்போதுதான் உள்ளே வந்த டிரைவர் அண்ணன், என் காலடியில் பழம் நசுங்குவதைப் பார்த்துப் பதறிவிட்டார். "எஞ்சின ஆன் பண்ணாம நசுக்குறீகளே!" என்று ஒரே தாவாகத் தாவிப் பொத்தானை அழுத்தினார். வண்டியைக் கிளப்பித்தானே நசுக்க வேண்டும். அவர் வேலையை அவர் சரியாகச் செய்தார். எலுமிச்சம்பழம் போன அதே வழியில் நானும் போனேன். கால் வழுக்கியது, கணு மடங்கியது, பின்பக்கமாக இறங்கி நாடாக்காரர் மேல் விழுந்தேன். அவர் கையிலிருந்த நாடா சர்ரென்று சுருட்டிக்கொண்டது. பிள்ளைகள் தூக்க ஓடிவந்தார்கள், ஓட்டக்காரப் பையனைத் தவிர.

"நூத்தி நாப்பத்தெட்டு!" என்று அவன் கத்தினான்.

டிரெட்மில் ஆளில்லாமல், மாலையோடு, எலுமிச்சை வாசத்தோடு ஓடிக்கொண்டிருந்தது.

"ஆய்வகம் ஓடற நிலையில இருக்குதுங்க" என்றார் தலைவர், கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தபடி. "துடிப்பு எதிர்பார்ப்புலயே ஏறும்னு நானும் வருசக் கணக்காக் கரும்பலகையில எழுதிட்டு இருக்கேன். கண்ணால பார்த்தது இன்னைக்குத்தானுங்க." பிறகு என் பக்கத்தில் குனிந்து, "கால்ல ஐஸ் வையுங்க. மேல தூக்கி வச்சுக்குங்க. அனுமதி பத்திக் கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு, நடை சாத்துவதற்குள் அழகரைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். தாளாளர் தன் காரையே முன்னால் அனுப்பிவைத்தார். வாசலில் பூசணிக்காய் உடைத்ததில் நாடாக்காரரின் பேண்ட்டெல்லாம் குங்குமம்.

நொண்டிக்கொண்டு வந்த என்னைத் தாளாளர் கனிவாகப் பார்த்தார். "பாத்தீகளா டீச்சர். மெசினுக்கு வந்தது காலோட போச்சு."

"ஐயா, அது வழுக்கி மடங்குன காலு."

"அதத்தான நானும் சொல்றேன்."

கால் வீக்கம் வடிவதற்குள் அனுமதி வந்தது. முதுகலைப் பிரிவின் முதல் வகுப்பு மனித அசைவியல், நடத்துகிறவள் நான். நிற்க முடியாததால் நாற்காலியில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலை மேசைமேல் நீட்டி வைத்திருந்தேன். படம் வரையக் கரும்பலகைக்குப் போக முடியாது. கட்டைக் கழற்றிவிட்டு, கணுக்கால் மூட்டுத்தான் இன்றைய பாடம், வெளிப்பக்கம் எலும்பையும் எலும்பையும் சேர்த்துக் கட்டியிருக்கிற நார் மூன்று இருக்கிறது, அதில் எது இழுபட்டிருக்கிறது என்று ஒவ்வொருவராக வந்து தொட்டுக் கண்டுபிடியுங்கள் என்றேன். கட்டைவிரலால் மெதுவாக அழுத்த வேண்டும். நான் கத்துகிற இடம்தான் விடை.

வரிசையில் வந்தார்கள். முதலில் வந்தவன் குதிகாலை அழுத்தினான், ஒன்றுமில்லை. அடுத்தவள் கணுவுக்கு மேலே அழுத்தினாள், அதுவும் இல்லை. மூன்றாவதாக வந்தவள் கணு எலும்புக்கு முன்னால், கொஞ்சம் கீழே, சரியான இடத்தில் வைத்து அழுத்தினாள். "ஆத்தாடி!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு வாசலுக்கு வந்துவிட்டது. எல்லோரும் குனிந்து படம் போட்டுக்கொண்டார்கள். கடைசி பெஞ்சில் ஒருவன் மட்டும் கையைத் தூக்கினான்.

"மேம், முன்னாடி இருக்கவங்க மறைச்சுட்டாங்க. இன்னொரு தடவை கத்துறீங்களா?"